மைசூர் ராகியும் திருத்தணிப் பஞ்சாமிர்தமும்

கேழ்வரகுக் களியில் பஞ்சாமிர்தத்தைப் பிசைந்து, நடுநடுவே பச்சைமிளகாயைக் கடித்துத் தின்கிற வழக்கத்தைச் சித்தூர் ஜில்லாவில் கண்டுபிடித்தவன் நான்தான்.

பொய். கண்டுபிடித்தவர் பலமனேர்க்காரர் ஒருவர், எருமை தள்ளிக் கை ஒடிந்தவர். முதலில் துணிந்து தின்றவர் என் நைனா, கால் ஒடிந்தவர். நான் எதையும் ஒடித்துக்கொள்ளாமல் பக்கத்தில் குந்திக்கொண்டு வேடிக்கை பார்த்தேன்.

ஏடாகூடமாகத் தின்பது எனக்குப் பிறவிக் குணம் என்பது மட்டும் நிஜம். திருப்பதி லட்டை ஆவக்காய் எண்ணெயில் தொட்டுத் தின்பேன். அம்மா கரண்டியோடு வருவாள். "பெருமாள் பிரசாதத்துல ஊறுகாயாடா பாவி?" என்பாள். எங்கள் தெருவில் ஒருவர் கருவாட்டுக் குழம்புச் சோற்றில் வாழைப்பழத்தைப் பிசைவார். இன்னொருவர் காப்பிக்குள் காராபூந்தியைக் கொட்டிக் கரண்டியால் எடுத்துத் தின்பார். முதல் நாள் பார்க்கிறவன் முகத்தைச் சுளிப்பான். இரண்டாம் நாள் கொஞ்சம் கேட்பான். மூன்றாம் நாள் அவனும் அதே கட்சி. என் நைனா மட்டும் எந்தக் கட்சியிலும் சேராதவர். சோறு என்றால் குழம்பு, ரசம், மோர். வரிசை மாறினால் தட்டை நகர்த்தி வைத்துவிடுவார். தறியில் இழை எப்படியோ இலையிலும் அப்படி.

எங்களுக்கு நகரி. நெசவுக் குடும்பம். வீட்டில் தமிழ் பேசுவோம், சந்தையில் தெலுங்கு பேசுவோம், தாலுகா ஆபீஸில் வாயே திறக்க மாட்டோம். ஆந்திரா தனி ராஜ்யமான பிறகு, கோடு எந்தப் பக்கம் விழும், நாம் எந்தப் பக்கம் போவோம் என்று வருஷக்கணக்கில் பேச்சு நடந்தது. கடைசியில் ஒரு நாள் செய்தி வந்தது. திருத்தணி மெட்ராஸுக்குப் போகிறது. நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே இருக்கின்றன.

அன்று சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு கூட்டம். மேடை என்றால் இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்மேல் ஒரு பலகை, அவ்வளவுதான். ஏறியவர்கள் எல்லாரும் சபதம் போட்டார்கள். ஒருவர் மூச்சுள்ளவரை போராடுவேன் என்றார். இன்னொருவர் ரத்தம் சிந்துவேன் என்றார். இதெல்லாம் நாளைக்கு யாரும் கணக்குக் கேட்க முடியாத சபதங்கள். என் நைனா கூட்டத்தில் பேசிப் பழகாதவர். ஏறியவர் வசமாக மாட்டிக்கொண்டார்.

"கோடு நம்ம நகரிக்கு அந்தாண்ட போற வரைக்கும் இந்த ஆந்திரா மண்ணுல வெளைஞ்சது ஒரு பிடி என் வாயில படாது. தணிகாசல முருகன் மேல ஆணை" என்றார்.

கூட்டம் கைதட்டியது. தட்டிய சத்தத்தில் பலகை எங்கே முடிகிறது என்று பார்க்காமல் கால் வைத்தார். தொடை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நானும் அதுவரை கைதட்டிக்கொண்டிருந்தவன்தான்.

ராத்திரியோடு வண்டி கட்டிப் புத்தூருக்குக் கொண்டுபோனோம். எலும்புக்குக் கட்டுப் போடப் புத்தூரை விட்டால் எங்களுக்கு வேறு ஊர் தெரியாது. கட்டுப் போடுகிறவர் பச்சிலையை அரைத்து, முட்டை வெள்ளையில் துணியை நனைத்துச் சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நைனா பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். கட்டு அவிழ்க்கும் வரை அங்கேயே பக்கத்துக் கொட்டாயில் தங்கச் சொன்னார்கள். கொட்டாயில் எங்களைப் போல நாலைந்து குடும்பம். கல் கூட்டிச் சமைப்பார்கள்.

அம்மா கஞ்சி வைத்தாள். நைனா வாயை மூடிக்கொண்டார். தண்ணீர் மட்டும் குடித்தார்.

முதல் நாள் வலி என்று நினைத்தோம். இரண்டாம் நாள்தான் விஷயம் புரிந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கூட சபதம் போட்டவங்க எல்லாம் ஊட்டுல மீன் கொழம்பு துன்னுக்கினு கீறாங்க, நீ மட்டும் சாவணுமா?"

"அவங்க சாமி மேல ஆணை வெக்கல" என்றார் நைனா.

மூன்றாம் நாள் கட்டுப் போடுகிறவர் வந்து பார்த்தார். நைனாவின் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"ஏமப்பா, நான் எலும்ப சேத்துதான் வெக்க முடியும். ஒட்ட வெக்கறது வயித்துல போற சோறு. இவரு இப்டியே இருந்தா காலும் சேராது, ஆளும் தங்க மாட்டாரு. உங்க அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் என் முகம் சொல்லியிருக்க வேண்டும். எதைச் சொன்னாலும் சிரிக்க வைக்கிற முகம் அது, அன்று அவள் பார்த்ததும் அழுதாள்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆந்திரா மண்ணில் விளைந்ததுதானே கூடாது? திருத்தணி இப்போது அந்தப் பக்கம். மலைமேல் முருகனுக்கு அபிஷேகம் செய்த பஞ்சாமிர்தம் கொண்டுவந்தால்? யார் மேல் ஆணை வைத்தாரோ அந்தச் சாமியே கொடுத்ததாக ஆகிவிடும். நைனாவிடம் சொன்னேன். "கொண்டா" என்றார்.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில் வர நேரமிருந்தது. காலையிலிருந்து நானும் தின்னவில்லை, சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கினேன். பக்கத்தில் திருப்பதியில் மொட்டை போட்டுத் திரும்புகிற குடும்பம் ஒன்று. வழக்கப்படி அங்கிருந்தவர்களுக்கெல்லாம் லட்டு பிட்டுக் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு பிடி. நாக்கு பஜ்ஜியின் காரத்தில் எரிந்துகொண்டிருந்தது. லட்டை வாயில் போட்டதும் காரமும் நெய்யும் முந்திரியும் ஒன்றாகி அப்படி ஒரு ருசி. கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு பஜ்ஜி, ஒரு துணுக்கு லட்டு, மறுபடி ஒரு பஜ்ஜி. கண்ணைத் திறந்தபோது ரயிலின் கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது.

அப்பன் பட்டினியில் கிடக்கும்போது ருசியில் ரயிலை விட்டவன் என்று என்னைப் பற்றி யார் எழுதினாலும் அது சரி. நானே எழுதிவிடுகிறேன்.

அடுத்த ரயில் ஏறிப் போய், மலையேறி இறங்கி, திரும்பி வர மறுநாள் ஆகிவிடும். கட்டுக்காரர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. புத்தூர் சந்தைக்குள் போனேன். வாழைப்பழம், வெல்லம், கொஞ்சம் நெய், நாலு பேரீச்சம்பழம். ஏலக்காய்க்குப் பதில் சுக்கைத் தட்டிப் போட்டேன். கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டு கையாலேயே பிசைந்தேன். மந்தார இலையில் கட்டி, பொழுது சாயும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுக் கொட்டாய்க்குப் போனேன்.

"மலையில கூட்டமா?" என்று கேட்டார் நைனா.

"கிருத்திகை மாதிரி கூட்டம் நைனா" என்றேன்.

இலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் விரல் பிசைந்ததை அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு விரல் நாக்கில் வைத்தார். விழுங்கினார். இன்னொரு விரல் வைத்ததும் குமட்டியது. மூன்று நாள் காய்ந்த வயிறு வெறும் தித்திப்பை ஏற்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்தாள்.

அடுத்த பாயில் இருந்த பலமனேர்க்காரர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தார். அவர் பெண்சாதி சூடான களி உருண்டையைத் தட்டில் வைத்தாள். அவர்கள் அதைச் சங்கட்டி என்பார்கள்.

"வெறும் தித்திப்பு எப்படி எறங்கும் அன்னா?" என்றார் அவர், தெலுங்கு கலந்த தமிழில். "சங்கட்டி கொஞ்சம் வெச்சுக்கோ."

"அது இந்த மண்ணுது" என்றார் நைனா.

பலமனேர்க்காரர் ஒரு நிமிஷம் நைனாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். களை பறிப்பது போல நிதானமாகச் சொன்னார்: "யார் சொன்னது? இது மைசூர் ராகி அன்னா. கோலார் பக்கத்துல எங்க மச்சான் நெலம். ஆந்திராவும் இல்ல, மெட்ராஸும் இல்ல. எந்தச் சண்டையிலும் சேராது."

"மொளகா?"

"மொளகாயும் மச்சான்துதான்."

சொல்லிக்கொண்டே தன் தட்டில் பாதியைப் பிட்டு இலையில் வைத்து, ஒடியாத இடது கையாலேயே பஞ்சாமிர்தத்தோடு பிசைந்தார். ஒரு கவளம், ஒரு கடி மிளகாய். நைனா, தட்டில் வரிசை மாறினால் எழுந்துவிடுகிறவர், மெல்ல மென்றார். நெற்றியில் வேர்த்தது. மூக்கில் நீர் வந்தது. இன்னொரு வாய்க்குத் திறந்தார்.

இலை காலியானதும், "நல்லாத்தான்டா கீது" என்றார். அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். அவள் அழுததைக் கொட்டாயில் எல்லாரும் கேட்டோம், யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு கட்டு அவிழ்க்கிற வரைக்கும் இதுதான் சாப்பாடு. ரெண்டு நாளைக்கு ஒருமுறை நான் திருத்தணிக்குப் போனேன், அதாவது கூட்ஸ் ஷெட்டுக்குப் போனேன். கொட்டாயில் இருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கை நீட்டினார்கள். தோள்பட்டை இறங்கிய ஒரு சந்திரகிரிக்காரர், முதல் நாள் "சீ" என்று துப்பியவர், ஊருக்குப் போகும்போது எப்படிப் பிசைவது என்று கேட்டுக்கொண்டு போனார். நைனாவின் கன்னத்தில் சதை பிடித்தது. கால் ஒரு விரற்கடை குட்டையாக, ஆனால் சேர்ந்துவிட்டது.

கட்டு அவிழ்த்த அன்று நைனா ஊருக்குப் போகலாம் என்று சொல்லவில்லை. "மொதல்ல திருத்தணி. சோறு போட்ட சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் ஊடு" என்றார். கால் இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அம்மாவை நகரிக்கு அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் போனோம். ரயில் எங்கள் ஊரைத் தாண்டும்போது அவர் வெளியே பார்க்கவில்லை.

மலைப்படி ஏறப் பாதி நாள் ஆயிற்று. சில படிகளை உட்கார்ந்து உட்கார்ந்தே ஏறினார். தூக்குகிறேன் என்றேன், கையைத் தட்டிவிட்டார். மேலே போனதும் தரிசனத்துக்கு முன்னாலேயே பஞ்சாமிர்தம் வாங்கி ஒரு விரல் நாக்கில் வைத்தார்.

"சுக்கு எங்கடா?" என்றார்.

"இன்னிக்கு மறந்துட்டாங்க போல நைனா."

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு விரல் வைத்துப் பார்த்தார். இலையை மடித்தார்.

"நான் துன்னது எந்த ஊரு வாழப்பழம்?"

"புத்தூர் சந்தை."

"பிசைஞ்சது?"

"நான்தான்."

படியில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து பார்த்தால் எங்கள் பக்கத்து மலை தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ராகி மைசூர் ராகி இல்லன்னு எனக்குத் தெரியும்டா. ரெண்டாம் நாளே அந்த ஆளு பொண்டாட்டி சொல்லிட்டா, சொந்த நெலத்துதுன்னு. தெரிஞ்சேதான் துன்னேன். பசிடா. சாமி குடுத்தது கூட கலந்து கீதே, அது போதும்னு நெனச்சிக்கினேன். அது ஒண்ணுதான் எங்கிட்ட மிச்சமிருந்துச்சு."

ஊரில் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்தவன் நான். இழவு வீட்டில்கூட ஒருமுறை சிரிக்க வைத்து அடி வாங்கியிருக்கிறேன். அன்று அவர் கையிலிருந்த இலையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"நீ உள்ள போயி சொல்லிட்டு வா. எனக்கு மொகம் இல்ல" என்றார்.

நான் மட்டும் உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அதே படியில் இருந்தார். கையை நீட்டினார். தூக்கி நிறுத்தினேன். இந்த முறை தட்டிவிடவில்லை, முழுப் பாரத்தையும் என் தோளில் போட்டார். ஒவ்வொரு படியாக இறங்கினோம்.

"சாமிகிட்ட இன்னா சொன்ன?"

"பொய் சொன்னது நானு, துன்னது அவரு, தண்டனைய எனக்குக் குடுன்னேன்."

"அதுக்கு?"

"பின்னாடி கூட்டம் தள்ளிடுச்சு நைனா. பதில் கேக்க முடியல."

நைனா நின்றார். மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரித்தாரா, அழுதாரா, எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. அடிவாரத்துக்கு வந்தோம். இரண்டு பக்கமும் ஓட்டல்கள், இட்லி வேகிற வாசனை. மெட்ராஸ் பக்கத்து இட்லி, ஆணையை மீறாத இட்லி.

"பசிக்குதா நைனா? வாங்கிக்கினு வரட்டா?"

"பசிக்குது" என்றார். ஓட்டலைப் பார்த்தார். ஸ்டேஷன் போகிற ரோட்டைப் பார்த்தார். "வேணாம். ஊட்டுக்குப் போயி துன்னலாம்."

நகரியில் இறங்கி வீட்டுக்குப் போகும்போது விளக்கு வைக்கிற நேரம். மாலை நேரத்துக் கடைத்தெருவில் அவர் நொண்டிக்கொண்டு நடந்ததைச் சபதம் போட்ட மற்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வாசலில் அம்மா நின்றாள். நாங்கள் வருவோம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, ஆனாலும் அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. நைனா கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். அம்மா தட்டை வைத்து, மூடியைத் திறந்து, முதலில் அவர் தட்டில்…

"இன்னாயா, கொழாயில தண்ணி வந்து எவ்ளோ நேரமாவுது! பொழுதுக்கும் எழுதிக்கினே கீறியே, கொடத்த எடுத்துக்கினு வர்றியா இல்லயா?"

என் பெண்சாதி. போய்த்தான் ஆக வேண்டும்.