மினுங்காத தோடம்பழம்

அருளம்மா டீச்சர் அழுகல் பழத்துக்கு மெழுகு பூசி நோயாளிகளுக்குக் கொடுத்தவர் அல்லர். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன்.

போன திங்கட்கிழமை காலையில், வீடு வீடாக ரொட்டி விற்கும் பாண்காரர் எங்கள் கேட்டருகே நின்று, "அம்மா, நம்ம மெழுகு டீச்சர் தவறிட்டாங்களாம். பூண்டுலோயாவிலேர்ந்து ஆள் வந்திருக்கு" என்றார். மரணச் செய்தியும் அவதூறும் ஒரே மூச்சில் வந்தன. "அவங்களுக்குப் பேர் இருக்கு" என்று சொல்லி, பாண் வாங்காமலே கதவைச் சாத்திவிட்டேன். பாவம், அவர் கேட்டதைச் சொன்னார். அந்தப் பட்டப்பெயரை இந்த லிந்துலை ஊரில் பரப்பியவர்கள் நமது மாதர் சங்கத்தார். அவர்களே இப்போது டீச்சரின் நினைவு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். இதோ தருகிறேன். ஒரு வரியும் வெட்டாமல் அச்சிடுங்கள்.

டீச்சர் எங்கள் பாடசாலைக்கு மனையியல் கற்பிக்க வந்தது நாடு சுதந்திரம் பெற்ற அடுத்த வருஷம். தந்தையார் பூண்டுலோயாப் பக்கத்தில் கணக்கப்பிள்ளை. வீட்டைச் சுற்றித் தோடை என்கிற ஆரஞ்சு மரங்கள். அந்தப் பழம் ஒரேயடியாகக் காய்த்து ஒரேயடியாக முடிந்துவிடும். டிசம்பரில் நத்தார் பண்டிகை வரும்போது கடையில் கிடைப்பது சுருங்கிய தோல்தான். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வார்டில் கிடப்பவர்களோ அப்போதுதான் நாக்கு வறண்டு பழம் கேட்பார்கள். அதுவரைக்கும் பழத்தைக் காப்பாற்றி வைக்க டீச்சர் ஒரு வழி கண்டிருந்தார்.

முதன்முதலில் அதை என் சமையலறையில் செய்து காட்டினார். தேன்மெழுகையும் தேங்காயெண்ணெயையும் வெந்நீரின் மேல் வைத்து உருக்கினார். அதைத் துணியில் தொட்டு, கழுவிக் காயவைத்த பழத்தில் தடவினார். பிறகு இன்னொரு துணியால், பூசியதையே எடுத்துவிடுவதுபோல் துடைத்தார். தோட்ட ஆபீசில் பெரிய கிளாக்கரின் மனைவி நான். எதையும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்வதில்லை.

"என்னங்க டீச்சர், பழத்துக்குப் பொலிஷா? சப்பாத்துக்குத்தான் போடுவாங்கன்னு நெனச்சேன்."

"சப்பாத்து மினுங்கணும்க்கா. இது மினுங்கக் கூடாது. மினுங்கிச்சுன்னா கூடப் பூசிட்டேன்னு அர்த்தம். பழத்துக்கும் மூச்சு வேணும். மூச்சை அடைச்சா உள்ளுக்குள்ளயே புளிச்சிப் போயிரும்."

நான் நம்பவில்லை. பூசியது ஒன்று, பூசாதது ஒன்று என்று ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். பூசாதது வற்றி விறகுபோல ஆனது. மற்றது, வாரங்கள் கழித்து அறுத்தபோதும் சாறு விட்டது. என் கணவர் தின்று முடித்துவிட்டு, "டீச்சரோட வாதாடாத, தோத்துப் போவ" என்றார். அன்று முதல் டீச்சர் என்னை அக்கா என்பதற்கு நான் தடை சொல்லவில்லை.

நத்தாருக்குச் சங்கம் வார்டுக்கு அனுப்பும் பழக்கூடையில் அடிபட்ட பழத்தை டீச்சர் சேர்க்கவே மாட்டார். அன்றைக்கே பிழிந்து பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். "காயம்பட்டத மூடி வைக்கிறது பொய் சொல்றதுதானேக்கா" என்பார். இந்த அம்மையாரைத்தான் அழுகலை மறைத்தவர் என்கிறீர்கள்.

ஒரு வருஷம், நத்தாருக்குச் சில வாரங்கள் முன்னால், தாயாருக்கு நோய் என்று டீச்சர் ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. பாதிப் பழத்துக்குத்தான் பூசி முடித்திருந்தார். மீதியைச் சங்கத்துப் பெண்களிடம் ஒப்படைத்தார். தேன்மெழுகு தீர்ந்துபோனது. நான் துடைக்கப் பழைய துணிகள் கொடுக்கச் சங்க மண்டபத்துக்குப் போனபோது அடுப்பில் ஒரு சட்டி இருந்தது. அதில் திரிகள் மிதந்தன. மெழுகுவத்திகளை உருக்கி, பழத்தை முழுசாக முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். காம்பு பிய்ந்த பழமும் முங்கியது, தோல் கீறிய பழமும் முங்கியது.

"இதென்ன கூத்து?" என்றேன்.

"மெழுகுன்னா மெழுகுதானேக்கா? பாருங்க, கண்ணாடி மாதிரி மினுங்குது. டொக்டர் ஐயாவே அசந்து போயிருவாரு" என்றார் ஒருவர்.

சுரண்டி எடுத்துத் துடைத்துவிடுங்கள் என்றேன். துடைப்பதாகச் சொன்னார்கள். துடைக்கவில்லை.

நத்தார் காலையில்தான் டீச்சர் ஊரிலிருந்து திரும்பினார். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வார்டுக்கு வந்தார். அங்கே படுத்திருந்த, தேயிலைக் கொழுந்து பறிக்கிற முதிய பெண்மணி ஒருவர் சங்கம் கொடுத்த பழத்தை உரித்து, ஒரு சுளை வாயில் போட்டுத் துப்பினார். "அய்யய்ய, என்னங்க டீச்சரம்மா! உள்ள கள்ளு வாடை, மேல மெழுகுவத்தி! சாமிக்கு ஏத்துறத எங்களத் திங்கச் சொல்றீங்களா?" வார்டே சிரித்தது. டீச்சர் ஒரு பழத்தைக் கையில் எடுத்து, நகத்தால் கீறிப் பார்த்தார்.

பிறகு டீச்சரையும் உட்காரவைத்துக் கூட்டம் போட்டீர்கள். டீச்சரின் முறையால்தான் பழம் கெட்டது, இனி அவர் இந்த வேலையில் தலையிடக் கூடாது என்று தீர்மானம் எழுதினீர்கள். நான் எழுந்தேன். "டீச்சர் பூசின பழம் மினுங்காது. வார்டுல மினுங்கிச்சு. அது யாரு பழம்?" என்று கேட்டேன். தலைவியம்மா சொன்ன பதில் இது: "கிளாக்கர் வீட்டம்மான்னா எல்லாத்துக்கும் கணக்குக் கேப்பீங்களோ? உக்காருங்க." எல்லாரும் சிரித்தீர்கள். சட்டியைக் கிண்டியவரும் சிரித்தார். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. டீச்சர் வீட்டுக்குச் சங்கம் அனுப்பிய அனுதாபக் கடிதத்தில் அவரே கையெழுத்திட்டிருக்கிறார்.

திரும்பி வரும் வழியில் டீச்சரையும் திட்டினேன். "ஏன் வாயத் தொறக்கல நீங்க?"

"தொறந்தா கோவிச்சுக்கிட்டு பழ வேலையையே விட்டுருவாங்கக்கா. வார்டுல கெடக்கிறவங்களுக்கு எது வேணும், என் மானமா, தோடம்பழமா?"

"ரெண்டும்" என்றேன்.

அவர் பேசாதிருந்ததை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஏனென்றால் அதனாலும் பயன் இருக்கவில்லை. அடுத்த நத்தாருக்குச் சங்கம் வார்டுக்கு பிஸ்கட் அனுப்பியது. டீச்சர் தனியாகவே பூசி, கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். வருஷா வருஷம் போனார். "மெழுகு டீச்சர் வர்றாங்க" என்று கண்டக்டர் இடம் விடச் சொல்வார். அதற்கும் சிரித்துக்கொண்டே உட்கார்வார்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். சங்கத்தின் மலர்வளையம் மிகவும் பெரியது. வீட்டுக்கு வந்ததும், பருவ முடிவில் டீச்சர் பூண்டுலோயாவிலிருந்து அனுப்பிய பழங்களில் கடைசியாக இருந்த ஒன்றை எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். துளி மினுக்கம் இல்லை. கத்தி வைத்ததும் சாறு மணிக்கட்டுவரை வழிந்தது. தனியாக உட்கார்ந்து முழுவதையும் தின்றேன். போய் வாருங்கள் டீச்சர். மானத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சங்கத் தலைவியாருக்கும் செயற்குழுவினருக்கும்: அருளம்மா டீச்சர் மீதான தீர்மானத்தை நீங்கள் திரும்பப் பெறுகிறீர்களா, இல்லையா? யாரும் வீட்டுக்கு வந்து சமாதானம் சொல்ல வேண்டாம். தலைவியாரின் கையொப்பத்துடன் எழுத்தில் பதில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.