பெயரில்லாத நோட்டீஸ்

இடைசெவலுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர் கருத்தையாவுக்கு. மூன்று ஏக்கர் கரிசலில் பருத்தியும் உளுந்தும் போடுவார். மழை ஏமாற்றிய வருடங்களில் கோவில்பட்டிக்குப் போய்த் தீப்பெட்டி ஆபீஸ் என்று அங்கே சொல்கிற தொழிற்சாலையில் குச்சிக்கு மருந்து முக்குவார். குரல் மட்டும் பெரிய குரல். "நீங்க ரகசியம் பேசுனா ரோட்டுல போற பஸ்ஸுக்கே கேக்குது" என்று அவர் மனைவி இசக்கியம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள்.

தொண்ணூற்றைந்தில் சௌந்தரபாண்டியன் என்ற தீப்பெட்டி முதலாளி அந்த ஊருக்கு மேற்கே புது ஆபீஸ் கட்டினார். காம்பவுண்டுச் சுவரைக் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் ஓடைக்குக் குறுக்கே இழுத்துவிட்டார். அந்த ஐப்பசியில் நல்ல மழை, ஆனால் கண்மாயில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் நிற்கவில்லை. பங்குனிக்குள் கிணறுகள் வற்றின. வீட்டுக்கு ஒருத்தி அந்த ஆபீஸில் வேலை பார்க்கிறாள், யார் வாயைத் திறப்பார்கள்? கருத்தையா கொடுத்த மனுக்கள் எந்த மேஜையில் தூங்கினவோ தெரியாது.

தொண்ணூற்றாறின் அந்தக் கோடையிலேயே சட்டமன்றத் தேர்தல் வந்தது. வேட்பாளராக நின்றால் அனுமதி வாங்கி ஊர் ஊராக மைக்கில் பேசலாம் என்று யாரோ சொன்னார்கள். அது போதும் அவருக்கு. டெபாசிட் இருநூற்றைம்பது ரூபாய். ஆட்டை விற்றுக் கட்டிவிட்டார்.

நோட்டீஸ் அடிக்கப் பூவனநாதனிடம் போனார். ஊர்க்காரப் பையன்தான், கோவில்பட்டியில் சின்னதாக அச்சகம் வைத்திருந்தான். சௌந்தரபாண்டியனின் தீப்பெட்டி லேபிள் அடித்துத்தான் அவன் பிழைப்பு.

"ரூவா வேண்டாம் அண்ணாச்சி. நம்ம ஊருத் தண்ணி, அடிச்சுத் தாரேன். ஆனா அச்சகத்துப் பேரு போட மாட்டேன். மொதலாளிக்குத் தெரிஞ்சா எம் பிள்ளைகளுக்குச் சோறு இல்ல."

"நான் சொல்லுவனாலே?"

"நீங்க பேசுனா ஊருக்கே கேக்கும். சத்தியம் பண்ணுங்க."

செண்பகவல்லி அம்மன் படத்துக்கு முன்னால் சூடத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார் கருத்தையா. சூடம் அணைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் வீடு விளங்காது என்பது அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பன்னிரண்டு நாள், வாடகை சைக்கிளில் மைக்கைக் கட்டிக்கொண்டு ஓடையைப் பற்றிப் பேசினார். முதலாளி ஆதரித்த வேட்பாளருக்காகவோ மூன்று ஊரில் காதுகுத்து விருந்து நடந்தது. கிடாய்க்கறி, இலைக்கடியில் ரூபாய் நோட்டு. மூன்று ஊரிலும் காது குத்திக்கொண்டது ஒரே பிள்ளை! பாவம், அந்தப் பிள்ளையின் காது. வீட்டு விசேஷம் தேர்தல் செலவில் சேராதல்லவா?

கருத்தையாவுக்கு ஆயிரத்து நூற்றுப் பதினாலு ஓட்டு. டெபாசிட் போனது. "ஆயிரம் பேரு காதுல போட்டாச்சு" என்று சந்தோஷமாகத்தான் இருந்தார். பிறகு செலவுக் கணக்குக் கொடுக்கப் போனார்.

"நோட்டீஸ் எந்தப் பிரஸ்ல அடிச்சீங்க? ரசீது எங்க?" என்றார் அதிகாரி.

"அது சும்மா அடிச்சுத் தந்தது சார்."

"சும்மா தந்தாலும் யார் தந்தாங்கன்னு எழுதணும். நோட்டீஸ்லயும் பேர் இல்ல. அதுவே தப்பு."

"எழுதுனா யாரெல்லாம் பாப்பாங்க?"

"கேக்குறவங்க எல்லாரும் பாக்கலாம். அதுக்குத்தானே கணக்கு."

கருத்தையா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. பணக்காரன் எலெக்‌ஷனை விலைக்கு வாங்கக் கூடாது என்றுதான் போட்டிருப்பார்கள். ஆனால் கிடாய் வெட்டியவன் அதில் சிக்கவில்லை, ஒரு கட்டு நோட்டீஸை ஓசியில் வாங்கியவன் சிக்கினான்.

கணக்குக் கேட்டுத் தேர்தல் ஆபீஸிலிருந்து கடிதங்கள் வந்தன. அவர் பதில் போடவில்லை. பூவனநாதனைப் பார்த்தால்கூட யாராவது சந்தேகப்படுவார்கள் என்று, அச்சகம் இருந்த தெருப்பக்கமே போகவில்லை. தொண்ணூற்றொன்பதில் உத்தரவு வந்தது: முறையாகக் கணக்குக் கொடுக்காததால் மூன்று வருடம் தேர்தலில் நிற்கத் தகுதியில்லை. எம்.எல்.ஏ. தேர்தலுக்குத்தானே என்று டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டார்.

இரண்டாயிரத்து ஒன்றில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. இந்தமுறை ஊரே அவர் பக்கம். கிணறு ஆழப்படுத்திச் சலித்துப்போன ஜனம். தலைவரானால் தீர்மானம் போட்டுச் சுவரை இடிக்க வைக்கலாம். வேட்புமனுப் பரிசீலனையன்று அந்தப் பழைய உத்தரவின் நகலை எதிர்த்தரப்பு நீட்டியது. சட்டசபைக்குத் தகுதியில்லாதவர் பஞ்சாயத்துக்கும் நிற்கக் கூடாதாம், மூன்று வருடமோ இன்னும் முடியவில்லை. மனு தள்ளுபடி. முதலாளியின் மைத்துனன் மந்திரமூர்த்தி போட்டியே இல்லாமல் தலைவரானான்.

செய்தி கேட்டுப் பூவனநாதன் ஓடி வந்தான். விஷயம் முழுவதையும் அன்றுதான் கேட்டான்.

"எம் பேரைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே அண்ணாச்சி! லேபிள் ஆர்டர் தொண்ணூத்தேழுலயே சிவகாசிக்குப் போயிட்டுது. இப்ப நான் கல்யாணப் பத்திரிகைதான் அடிக்கேன்."

"சூடம் அணைச்சேம்லாலே" என்றார் கருத்தையா.

"சத்தியம் வாங்குனவன் நான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சத்தியத்த விட்டுத் தந்திருக்க மாட்டேனா?"

கருத்தையா ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற இசக்கியம்மாளுக்கே அது கேட்கவில்லை.

அந்த ஐப்பசியிலும் நல்ல மழை. சுவரில் முட்டிய கலங்கல் தண்ணீர் திரும்பி ரோட்டோடு ஓடியது. குடைகூட இல்லாமல், சூடம் அணைத்த உள்ளங்கையைத் தேய்த்தபடி, ஈரக் கரிசலில் நின்று அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.