மூன்றாம் குளத்துத் தண்ணீர்

மூன்றாம் குளத்தில் குறித்த காலம் நின்று ஆறாத நீரை ஆற்றில் விடலாகாது. விலக்கு வேண்டுவோர் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பதில் கிடைக்கும்வரை விதியே செல்லும். பட்டினசபையின் இந்த விதியில், பதில் எப்போது கிடைக்கும் என்பது மட்டும் இல்லை. உத்தியோக காலத்தில் நானும் இப்படிப்பட்ட விதிகளை வரைந்திருக்கிறேன். அந்த வரி தவறுதலாக விடுபடுவதல்ல.

சந்தையினதும் ஆஸ்பத்திரியினதும் கழிவுநீர் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று குளங்களில் தேங்கியது. முதலாவதில் சேறு அடியில் படியும். இரண்டாவது, வெயிலில் பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கும். மூன்றாவது கண்ணாடி போலிருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் சாவது அங்கேதான். அதன் கதவைத் திறந்தால் தண்ணீர் ஆற்றுக்குப் போகும். திறக்கும் சாவி அம்மாவின் தம்பியான மாமாவிடம் இருந்தது. அப்பாவின் வயல் ஆற்றங்கரையில்.

அந்த ஆண்டு சிறுபோகத்தில், அதாவது கோடை நெற்பயிர்க் காலத்தில், ஆறு வற்றிவிட்டது. நாள் முழுக்க வறண்ட கச்சான் காற்று. வீட்டில் ஒருவரும் ஒரு இடத்தில் இருக்கவில்லை. அப்பா வயலுக்குப் போவார், வருவார், மறுபடி போவார். அம்மா அடுப்பை மூட்டிவிட்டு எதற்கு மூட்டினோம் என்று நிற்பார். மாமா, குளத்து நீரை நேரே வயல்களுக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுக்க அனுமதி கேட்டு விண்ணப்பித்துவிட்டுத் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்தபடி திரிந்தார்.

ஒருநாள் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு, தண்ணீர் வந்தால் ஆற்றில் எங்கே மறித்து இறைக்கலாம் என்று பார்க்கப் போனார். வளைவுக்கு அப்பால், மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியிருந்த பெண்ணொருத்தி ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, குடத்துக்குச் சிரட்டையால் அள்ளிக்கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. என்னைக் கண்டதும், "தாகமா இருக்கா பாப்பா?" என்று ஒரு சிரட்டை நீட்டினாள். குடித்தேன். அப்பா நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மறிக்க இடம் பார்க்காமலே வீட்டுக்குத் திரும்பினார்.

மறுநாள் பின்னேரம் வயற்காரர்கள் எங்கள் வாசற் படலையில் கூடிவிட்டார்கள். அக்காவின் கணவரான அப்பா சொன்னால் மாமா திறப்பார் என்று அவர்களுக்கு நம்பிக்கை.

"மச்சான், கதவை ஒரு சாண் தூக்கிவிடு. கதிர் தள்ளப்போற குடலைப் பயிர் கருகுது" என்றார் அப்பா. குரலில் உரம் இல்லை.

"அத்தான், அது இன்னும் ஊத்தைத் தண்ணி."

"ஓமோம், பீத்தண்ணிக்குக் காவல்காரன் இருக்கிறான், நெல்லுக்குத்தான் ஆளில்லை" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். "தெளிஞ்சுதானே கிடக்கு!" என்றார் இன்னொருவர்.

மாமா விறுக்கென்று பின்பக்கம் போய் ஒரு போத்தல் தண்ணீரோடு வந்தார். "மூண்டாங் குளத்துத் தண்ணி. குடியுங்கோ அத்தான். குடிச்சால் இப்பவே திறக்கிறன்."

அப்பா வாங்கி ஒரு வாய் எடுத்தார். விழுங்கவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு வேலியோரம் துப்பினார்.

"சீ! என்ன நாத்தம்!"

சிரிப்பு நின்றது. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. மாமா அந்தப் போத்தலை எங்கள் கிணற்று வாளியிலிருந்து நிரப்பியதை நான் பார்த்திருந்தேன். எங்கள் கிணறு நாறுகிறதா? சொல்ல வாயெடுத்ததும் அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்து, கையில் ஒரு துண்டு வெல்லத்தைத் திணித்தார். அப்பா ஏமாந்துவிட்டாரே என்ற வருத்தத்தில் அதைத் தின்றேன்.

பயிர் பாதிக்கு மேல் கருகியது. அப்பா மாமாவை ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. இலேசாக உவர்க்கும் அந்தக் கிணற்றை வெட்டியவரே அப்பாதான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் அன்று ஒன்றும் விளங்கவில்லை.

மாமாவின் விண்ணப்பத்துக்கு அனுமதி வழங்கப்பட்டது. பயிர்களின் நிலை கருதித் தாமதமின்றி வாய்க்கால் வெட்டும்படி பணித்திருந்தார்கள். ஆறு கரைபுரண்டு ஓட, தபால்காரர் நனைந்துகொண்டு வந்து அதைக் கொடுத்தது கார்த்திகை விளக்கீட்டன்று.