மெழுகு தெறிக்கவில்லை

முந்தாநாள் காலையில், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குக் கூடியிருந்தபோதுதான் செய்தி வந்தது. தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் கிடந்த எங்கள் ரோசலின் அக்கா போய்விட்டார். கொழுந்துக்கூடையைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் யாரோ, "பாவம், மெழுகு கொட்டிச் செத்துப்போச்சு" என்றார்கள்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். றொசல்லைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர் அவர். வரிசை அறைகளான லயத்தில் என் காம்பராவுக்கு அடுத்தது அவருடையது. வேலை விட்டு வந்ததும் மெழுகுவர்த்தி செய்வார். நூல்திரிகளை ஒரு குச்சியில் வரிசையாகக் கட்டி, உருகிய மெழுகில் முக்கி எடுத்து, வாசல் கொடியில் ஆறவிடுவார். எங்கள் குளிருக்கு அது சட்டென்று இறுகும். மறுபடி முக்குவார். "ரொம்ப நேரம் உள்ள வச்சிராத செல்வி, முன்ன ஒட்டுனதும் கரைஞ்சு போயிரும்" என்பார் என்னிடம். காற்றடித்துக் கரண்ட் போனால் லயம் முழுக்க அவர் வர்த்திதான் எரியும்.

நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பறித்தவர்கள். அவர் கன்னத்தில் முதல் காயத்தைப் பார்த்தபோது, "மெழுகு தெறிச்சிருச்சு" என்றார். நம்பினேன். பிறகு காது கிழிந்து வந்தார், அதற்கும் மெழுகுதான். கை முறிந்தது; மெழுகுச் சட்டியைத் தூக்கும்போது வழுக்கிவிட்டதாம்.

"ஏங்க்கா, மெழுகு காதக் கிழிக்குமா?" என்று கேட்டேன்.

"கேக்குறவங்க நம்புறாங்கல்ல, விடு" என்று சிரித்தார்.

அவ்வளவு கவனமான கை அது. தண்ணீர்ச் சட்டிக்குள் மெழுகுச் சட்டியை வைத்துத்தான் உருக்குவார். ஒரு சொட்டுத் தெறித்து நான் பார்த்ததில்லை. அடித்தது அவருடைய புருஷன். அந்த ஆளுக்கு மரியாதை போட்டு எழுத என் கை வரவில்லை.

கல்லறைத் திருநாளுக்காக அக்கா வர்த்தி முக்கிய சாயங்காலம், நான்தான் குச்சிகளை வாங்கிக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தேன். குடித்துவிட்டு வந்தவன், "எனக்குச் சோறில்ல, செத்தவனுக்கு மெழுகுவத்தியா?" என்று கத்தி, அவர் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். பிறகு அடுப்பை எட்டி உதைத்தான். மெழுகு நெருப்பில் கொட்டித் தீ சேலையைப் பிடித்தது. பயந்துபோய் அவனே வாளித் தண்ணீரை வீசினான். எரியும் மெழுகில் தண்ணீர் பட்டதும் தீ கூரைத் தகரம் வரை எழுந்தது. "தண்ணி ஊத்தாதீங்க!" என்று எரிந்துகொண்டே அலறினார் அக்கா. வேலைக்காக இடுப்பில் கட்டியிருந்த தடித்த சாக்குப் படங்கை அவிழ்த்து அவர்மேல் போட்டு அழுத்தினேன். அந்த வாடை இன்னும் என் கையில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவருக்கு முகம் மட்டும் தப்பியிருந்தது. "இந்தத் தடவ மெழுகு மேல பழியப் போடாத செல்வி" என்றார். என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

நேற்று அடக்கம். அந்தப் புருஷனின் தம்பி என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "செத்தவங்க திரும்பி வரப்போறாங்களாக்கா? பொலிசு கேட்டா மெழுகு கொட்டிருச்சுன்னு சொல்லிருங்க. ஒரே லயத்துல இருக்கோம்" என்றான். அது கெஞ்சலா மிரட்டலா என்று எனக்குத் தெரியவில்லை.

குழிமேட்டில் முதல் வர்த்தியைக் கணவன் கொளுத்துவது எங்கள் தோட்டத்து வழக்கம். அவன் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. எங்கள் நிரைப் பெண்கள் வந்து என்னோடு நின்றார்கள். பாதி முக்கியதோடு கொடியில் நின்றுபோன அந்த மெல்லிய வர்த்திகளை நாங்களே கொளுத்தினோம். காற்றில் அணைந்தன. மறுபடி கொளுத்தினோம்.

போய் வாருங்கள் அக்கா. நாளைக் காலை பொலிசுக்குப் போகிறேன். மெழுகைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். அது தெறிக்கவே இல்லை என்று சொல்வேன்.