அக்காவுக்கு எடுத்த படம்

அக்கா சென்னைக்குப் போய்க் கதாநாயகி ஆவதென்று முடிவெடுத்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது, தங்கச்சி எனக்கு எட்டு. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் இருந்தோம். கண்ணாடி அலுமாரியின் முன்னால் நின்று அக்கா வசனம் பேசுவாள். வில்லனும் நான்தான், தோழியும் நான்தான், சில நாட்களில் குதிரையும் நான்தான். நடிப்பு வந்ததோ என்னவோ, துணிச்சலுக்குக் குறைவில்லை.

“நடிக்கப் போறாவாம், நடிக்க! முதல்ல ஒரு தேத்தண்ணி ஒழுங்காய்ப் போடு” என்பார் அம்மா.

பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதனையான ஏ.எல். முடிந்ததும் அக்கா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். ஸ்டூடியோவில் நல்ல படம் எடுத்துச் சென்னைச் சினிமாக் கொம்பனிகளுக்கு அனுப்ப வேண்டுமாம். அம்மாதான், அதிசயமாக, இறங்கி வந்தார். பெட்டியிலிருந்த தன் காஞ்சிபுரச் சேலையை எடுத்து அவளுக்கு உடுத்திவிட்டார். காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்த ஸ்டூடியோவில் அவரே பக்கத்தில் நின்றார்.

“பல்லைக் காட்டாதை பிள்ளை. அடக்கமாய்ச் சிரி.”

கதாநாயகி அப்படியா சிரிப்பாள்? ஆனாலும் அக்கா சொன்னபடி சிரித்தாள். அம்மா மனம் மாறியதே அவளுக்குப் பெரிய காரியம். படங்கள் அம்மாவின் ஃபோனுக்கு வந்தன. “அனுப்பியாச்சு” என்றார் அம்மா. அக்கா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு ஃபோனை வைத்துவிட்டு அம்மா கூவினார்: “பிள்ளையை அவைக்குப் பிடிச்சுப் போச்சாம்!”

அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினாள். “எந்தக் கொம்பனி அம்மா?”

“கொம்பனியோ? மாப்பிள்ளை வீடு. டொரொன்டோவில பெரியம்மா பாத்த இடம்.”

அக்கா என்னை இறக்கிவிட்டாள். “இதுக்கே அம்மா நான் படம் எடுத்தனான்?”

“வயித்தில நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறவள் நான். இஞ்ச இருந்து என்னத்தைக் காணப்போறாய்?”

அக்கா சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தாள். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் என் வயிறு எரிகிறது. அன்றைக்கு எரிந்தது பொறாமையில். எங்கள் மாடிவீடுகளில் விசாவுக்குக் காத்திராத குடும்பமே இல்லை. இவளுக்குப் பிளேன், பனி, கனடா எல்லாம் வீடு தேடி வந்திருக்கிறது, இருந்து அழுகிறாளே, எவ்வளவு திமிர் என்று நினைத்தேன்.

அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “எனக்கும் அப்பிடிப் படம் எடுப்பீங்களோ அம்மா?”

அம்மா என் தலையைத் தடவினார். “எடுக்காமல் விடுவனே? கொஞ்சம் வளருங்கோ.”

சந்தோஷம் தாங்காமல் அம்மாவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன்.