பின்னால் தள்ளிய தேதி

பேய்க் கதை எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே சத்தியம் செய்வார்கள். நான் செய்யப் போவதில்லை. என் அத்தானின் வலது மணிக்கட்டில் நான்கு விரல்களின் தடம் இன்றைக்கும் வெள்ளையாக இருக்கிறது. சந்தேகம் இருந்தால் வாருங்கள், முழுக்கைச் சட்டையை மடித்துக் காட்டச் சொல்கிறேன். நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில். எனக்கு ஆத்திரமே அதில்தான். இருட்டில் நடந்திருந்தால் எதையோ பார்த்து மிரண்டுவிட்டோம் என்றாவது மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

கம்பெனி கைகழுவிய கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பது என் தொழில். கம்ப்யூட்டரை இயக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வயதாகிவிட்டால், அதைச் செய்தவர்கள் "இனி நாங்கள் பொறுப்பில்லை" என்று அறிவித்துவிடுவார்கள். அதை வைத்துப் பிழைப்பவர்கள் மட்டும் விடமாட்டார்கள். "நல்லாத்தானே ஓடுது?" என்பார்கள். இதைக் கேட்டுக் கேட்டே எனக்கு நரை விழுந்தது. வீட்டில் எனக்கு வைத்த பட்டப்பெயர் பூச்சி. புரோகிராமில் இருக்கும் 'பக்' என்கிற பூச்சியைப் பிடிக்கப் பூச்சியே போகிறாள் என்று அத்தான் சிரிப்பார்.

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய கோல்ட் ஸ்டோரேஜை வாங்கினார். நான்கு குளிர் அறைகள். அவற்றோடு சேர்ந்து ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரும் வந்தது. கம்ப்ரசர், கதவுப் பூட்டு, வாசலில் கார்டு தேய்க்கும் பெட்டி, எல்லாம் அதன் கையில். கரண்ட்டை நிறுத்தினாலும் பூட்டு விடாது, கம்ப்யூட்டர் சொன்னால்தான் விடும். மூன்றாம் அறையில் உள்பக்கக் கைப்பிடியே இல்லை, கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. "கம்ப்யூட்டரை மாத்துங்க, அந்தக் கைப்பிடியைப் போடுங்க" என்று நான் கத்தாத மாதம் இல்லை. "அந்த ரூமை யாரும்மா தொடுறா? நல்லாத்தானே ஓடுது!"

அந்த ஞாயிறு மதியம் போன் வந்தது.

"பூச்சி, எல்லாம் நின்னு போச்சும்மா. ஏதோ லைசன்ஸ் முடிஞ்சிருச்சுன்னு காட்டுது. உள்ள முழுக்க மத்தவங்க மீனு."

கிளம்பும்போது அக்கா கூப்பிட்டாள். "அவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சு ரெண்டு மாசம்தான் ஆகுது. குளிருல கால வெக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. உன்னை நம்பித்தாண்டி விடுறேன்."

வாசலில் கார்டைத் தேய்த்துவிட்டு உள்ளே போனேன். அந்தப் பெட்டி மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது, "உள்ளே: 2" என்று காட்டியது. அத்தான் ஒருவர், நான் ஒருத்தி. கிடங்கில் வேறு ஆள் இல்லை, ஞாயிறு விடுமுறை. நான்கு அறைகளின் கதவுகளும் பூட்டு விடுபட்டு லேசாகத் திறந்து கிடந்தன. லைசன்ஸ் முடிந்தால் இந்தப் புரோகிராம் எல்லாக் கதவையும் திறந்துவிட்டுத்தான் நிற்கும். அந்த அளவுக்காவது அதற்கு அறிவு இருந்தது.

புரோகிராம் செய்த கம்பெனியை மூடியே பல வருடம் ஆகிறது. புது லைசன்ஸுக்கு வழியில்லை. என் தொழிலில் இருப்பவர்கள் இதற்கு ஒரு தில்லாலங்கடி வேலை செய்வோம். கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னால் தள்ளிவிடுவோம். இன்னும் பழைய காலத்திலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு அதுவும் சமர்த்தாக ஓடும். ஆனால் எந்த வருடத்துக்கு வேண்டுமானாலும் தள்ள முடியாது. கிடங்கின் வேலையெல்லாம் கிழமையை வைத்து நடப்பது. ஞாயிறு ஞாயிறாகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாம் குழம்பும். காலண்டரைப் புரட்டினேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் அதே தேதி, அதே கிழமை. கச்சிதமாகப் பொருந்தியது.

வருடத்தை மட்டும் மாற்றினேன். மணி 2.10. கம்ப்ரசர் உறுமியது. அத்தான் ஏற்கெனவே சாத்திவைத்திருந்த நான்கு கதவுகளிலும் பூட்டு விழுந்தது. டக்... டக்... டக்... டக்.

"அதான் பூச்சி!" என்று அத்தான் கை தட்டினார்.

திரையின் மூலையைப் பார்த்தேன். "உள்ளே: 3" என்று இருந்தது.

"உங்க ஆளுங்க யாராவது வந்திருக்காங்களா?"

"லீவு நாள்ல எவன் வருவான்?"

எரிச்சலாக வந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் எவரோ உள்ளே வரும்போது கார்டைத் தேய்த்துவிட்டு, வெளியே போகும்போது தேய்க்காமல் விட்டிருப்பார். பழைய கணக்கு அப்படியே ஏறிவிட்டது, அவ்வளவுதான். புரோகிராமை மூடித் திறந்தேன். மறுபடியும் 3. இந்த ஓட்டை வண்டியோடு மல்லுக்கட்டவே நான் பிறந்தேன் போலிருக்கிறது என்று வாய்விட்டே திட்டினேன்.

2.25. ட்ர்ர்ர்ர்...

சுவரில் இருந்த விளக்கு எரிந்தது. மூன்றாம் அறையின் உள்ளேயிருந்து யாரோ உதவிக்கு அழைக்கும் பஸ்ஸரை அழுத்துகிறார்கள்.

"அந்த ரூம் காலிதானே அத்தான்?"

"காலிதான். ஈரத்துல வயர் ஒட்டியிருக்கும்."

கதவைத் திறக்கும் பொத்தானை அமுக்கினேன். பூட்டு விட்டது. இருட்டு, குளிர், வெறும் இரும்பு அடுக்குகள். யாரும் இல்லை. சாத்தினோம், பூட்டு மட்டும் விழவில்லை.

ட்ர்ர்ர்ர்... இந்த முறை நிற்கவே இல்லை.

என் பொறுமை போயே போய்விட்டது. கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் அத்தான், "அந்த வயரைப் பிடுங்கி எறிஞ்சுட்டு வரேன்" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. அக்கா சொன்னது நினைவுக்கு வந்து நான் திரும்பினேன். அதற்குள் அவர் உள்ளே போயிருந்தார்.

கதவு அவருக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

டக்.

பஸ்ஸர் நின்றது.

நான் பொத்தானை அமுக்கினேன். திறக்கவில்லை. திரை அசையவில்லை, உறைந்துபோயிருந்தது. மறுபடி அமுக்கினேன். மறுபடி.

அவர் போட்டிருந்தது அரைக்கைச் சட்டை. உள்ளே உறைநிலைக்கும் கீழே பதினெட்டு டிகிரி.

"அத்தான்!"

தட்டும் சத்தம் கேட்டது. டப்-டப்-டப்-டப்... பதற்றமாக, வேகமாக. அது அத்தான்.

அதற்கு அடியில் இன்னொன்று.

டொக்.

...

டொக்.

மெதுவாக. அவசரமே இல்லாமல். கதவின் கீழ்ப்பகுதியில், தரையில் உட்கார்ந்துகொண்டு தட்டுவது போல.

தீயணைப்புக்குப் போன் போட்டேன். இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். அந்த நெஞ்சு அவ்வளவு நேரம் தாங்காது.

கதவு திறக்க ஒரே வழிதான் தெரிந்தது. லைசன்ஸ் மறுபடி முடிய வேண்டும். தேதியை இன்றைக்குக் கொண்டுவர வேண்டும். மீன் போகட்டும்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். கிழம் எழுந்திருக்கவே இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. அழுதுகொண்டே அதன் மண்டையில் குத்தினேன். வருடத்தை மாற்றினேன்.

என் கண்ணெதிரே அது பின்னால் போனது. பழைய வருடம். பதினோரு வருடம்.

மறுபடி மாற்றினேன். மறுபடி பின்னால் போனது.

அத்தான் தட்டுவது குறைந்துகொண்டே வந்தது.

டப்... டப்...

டொக்.

"விடுய்யா!" என்று கத்தினேன். யாரிடம் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. "எங்க அக்கா காத்துக்கிட்டிருக்காய்யா!"

டொக் நின்றது.

மூன்றாம் முறை மாற்றினேன்.

நின்றது. இன்றைய தேதி.

டக். டக். டக். டக்.

அத்தான் தவழ்ந்து வெளியே வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. இழுத்துக்கொண்டு போய் வெயிலில் போட்டேன். தீயணைப்பு வண்டி வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. நெஞ்சுக்கு ஒன்றுமில்லை என்றார்கள். அவர் பேசவே அரை மணி நேரம் ஆனது. பேசியதும் என்னைத்தான் திட்டினார்.

"உள்ள ஆள் இருக்குன்னு சொல்ல மாட்டியா?"

"யாரு அத்தான்?"

"கதவுகிட்ட உக்காந்திருந்தாரு. என் கையப் புடிச்சுக் கதவுல வெச்சாரு. 'நீங்க தட்டுங்க சார். நான் தட்டுறது யாருக்கும் கேக்கல'ன்னாரு."

மணிக்கட்டில் நான்கு விரல் தடம். குளிரில் இரும்பு பட்டால் தோல் வெந்துபோகும், அந்த மாதிரி.

உள்ளே எட்டிப் பார்த்தேன். எவரும் இல்லை.

மாலைக்குள் லாரி வைத்து மீனை வேறு கிடங்குக்கு ஏற்றினோம். பாதி தேறியது. எலி புகாமல் இருக்க நான்கு கதவுகளுக்கும் வெளியே கனமான தாழ்ப்பாளைப் போட்டேன். லாரிக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். அத்தான் கார்டைத் தேய்த்தார். நான் தேய்த்தேன்.

வாசல் பெட்டியில் "உள்ளே: 1".

அந்த ஓட்டைக் கம்ப்யூட்டரைத் திட்டியபடியே வீட்டுக்குப் போனேன். திட்டினால் பயம் தெரியாது.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. கிடங்கை விற்ற பழைய முதலாளியைப் போனில் பிடித்தேன். மூன்றாம் அறையில் யார் இருந்தார் என்று கேட்டேன்.

"எங்க ஆபரேட்டர்ம்மா. லீவு நாள்ல கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதுன்னு தனியா வந்தாரு. உள்ள போனப்ப கம்ப்யூட்டர் உறைஞ்சு கதவு பூட்டிக்கிச்சு. திங்கக்கிழமைதான் பாத்தோம். கைப்பிடிய அவர்தான் ஆட்டி ஆட்டிப் பிடுங்கியிருந்தாரு. பதினோரு வருஷம் ஆச்சு... இதே தேதிதாம்மா, இதே ஞாயித்துக்கிழமை."

தேதியை நான் தேர்ந்தெடுத்ததாக அல்லவா நினைத்திருந்தேன்!

"அப்புறம் அந்த பஸ்ஸர்? அது சத்தம் போட்டுச்சே சார்?"

"என்னம்மா சொல்றீங்க? அந்த வாரமே வயரோட பிடுங்கி எறிஞ்சுட்டேனே."

நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கதவு திறந்துச்சுல்ல... அப்போ அவரையும் வெளிய வரச் சொன்னீங்களா?"

என் காதில், நான் கடைசியாகப் போட்ட தாழ்ப்பாளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.