வள்ளுவரைத் திறக்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டவள்

பெங்களூர் ஆஸ்டின் டவுன் மரகதத்தைத் தமிழுக்கு எதிரி என்று எவனாவது சொன்னால், அவன் வாயில் அவள் கொதிக்கிற சாம்பாரையே ஊற்றலாம். ஆனாலும் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். வள்ளுவர் சிலையைத் திறக்கக்கூடாது என்று மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் ஒற்றை ரூபாய் முடிந்துவைத்தவள் அவள்.

அல்சூர் ஏரியோரம் அந்தச் சிலை பதினெட்டு வருஷம் சாக்குக்குள் கிடந்தது. கன்னட மண்ணில் தமிழ்ப் புலவருக்கு எதற்குச் சிலை என்று ஒரு கூட்டம். எங்கள் வள்ளுவரை மூட்டை கட்டிவைக்க நீ யார் என்று இன்னொரு கூட்டம். நடுவில் போலீஸ் காவல். காவலுக்கு நின்றவர்களின் பசிக்கு எதிர்ச்சாரியில் மரகதத்தின் இட்லி வண்டி. புருஷன் போனபின் மகள் தீபிகாவைப் படிக்கவைத்தது அந்த வண்டிதான்.

2009 ஆடியில் திறக்கப்போகிறார்கள் என்று சேதி வந்ததும் தெருவே இனிப்பு கொடுத்தது. அவளுக்கோ அந்த இனிப்பு கசந்தது. சிலையைத் திறந்துவிட்டால் காவல் எதற்கு? காவல் போனால் இட்லியை யார் தின்பது? இதை வெளியில் சொன்னால் காறித் துப்புவார்கள். அம்மனிடம் சொன்னாள்.

அம்மன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திறப்பு நாளன்று வண்டிகளை அந்தப் பக்கமே விடவில்லை. பழக்கதோஷத்தில் அரைத்த மாவு பொங்கி வழிய, மரகதம் வீட்டு வாசலில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தாள். அப்போது பைக்கில் வந்து நின்றார் காவலர் கிஷோர். மண்டியாப் பக்கத்துக் கன்னடக்காரர், ஐந்து வருஷமாக அவள் கையால் சாப்பிடுகிறவர்.

“மரகதக்கா, பந்தோபஸ்துக்கு வெளியூர்லேருந்து ஏகப்பட்ட பேரு வந்திருக்காங்க. ஊட்டா இன்னும் வரல. இட்லி வேணும், பேக பேக, சீக்கிரம்!”

“வண்டிய உள்ள விடமாட்டாங்களே சார்?”

“நான் இருக்கேன்ல?”

பக்கத்து வீட்டு டோரீனும் தீபிகாவும் அவித்துத் தள்ள, அண்டாக்கள் ஆட்டோவில் ஏறின. தடுப்புகளைக் கிஷோரே விலக்கிவிட்டார். பரிமாறும்போது கைதட்டல் எழுந்தது. நிமிர்ந்தாள். தாடியும் சுவடியுமாக வள்ளுவர்! இத்தனை வருஷம் சோறு போட்டவரின் முகமா வெளியே வரக்கூடாது என்று வேண்டினோம் என்று பொங்கிப்பொங்கி அழுதாள்.

“நான் பாவி சார். இவரத் தொறக்கவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்.”

கிஷோர் தட்டைக் கீழே வைக்கவில்லை. “நானுந்தான்க்கா. தொறந்தா எங்கள வேற எடத்துக்கு மாத்திடுவாங்க. அங்க யாரு இப்படி இட்லி போடுவாங்க? அழாதீங்க, சட்னி போடுங்க.”

மறுநாள் வண்டியைப் பழைய இடத்திலேயே நிறுத்தவைத்துவிட்டுத்தான் அவர் மாற்றலாகி மல்லேஸ்வரம் போனார். வள்ளுவரைப் பார்க்க வருகிற கூட்டத்துக்கு இன்றும் அங்கேதான் இட்லி வேகிறது. உன்னை வாழவைத்தது யார் என்று கேட்டால், மரகதம் கிஷோர் பேரைத்தான் முதலில் சொல்வாள். இதற்கெல்லாம் வள்ளுவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.